போத்தல் விளைந்த மலை

பதுளை பஸார் வீதியில் புடைவைக் கடை வைத்திருந்த றவூப், மக்காவுக்குப் போனதில்லை. தெமோதரைக்கு மேலே, நரிக்கல் தோட்டத்து மருந்துச் சாலையில் டிஸ்பென்சராக இருந்த சிவஞானம், டொக்டருக்குப் படித்ததில்லை. ஆனாலும் சிவஞானம் றவூபை ‘ஹாஜியார்’ என்றார். றவூப் சிவஞானத்தை ‘டொக்டர்’ என்றார். இருவரும் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவர்களுடைய சிநேகிதம் இந்த மரியாதையில்தான் வேர் பிடித்தது.

தீபாவளிக்கு முன் துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போய்வருவது றவூபின் வழக்கம். அப்படி நரிக்கல்லுக்குப் போன ஒரு நாள், மருந்துச் சாலை ஜன்னலில் நீல நிறத்தில் ஒரு பழைய போத்தல் நிற்பதைக் கண்டார். துணி மூட்டையைச் சேற்றிலேயே இறக்கி வைத்துவிட்டார்.

“இது எங்க கெடச்ச, டொக்டர்?”

“தொரை பங்களாவுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிச்சுங்க. அதுக்குள்ள கெடந்திச்சு. என்னத்துக்குக் கேக்கிறீங்க?”

“என்ட ஊட்டுலயும் இப்படிக் கொஞ்சம் இரிக்கி,” என்றார் றவூப், இரண்டாம் தாரத்தைப் பற்றிச் சொல்பவர்போலக் குரலைத் தாழ்த்தி.

இந்தப் பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று அதுவரை இருவரும் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஆனதும் அது பைத்தியம் இல்லை, ஆராய்ச்சி என்று ஆகிவிட்டது. அன்றே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தோண்டி எடுப்பதில் மருந்துப் போத்தல்கள் எல்லாம் சிவஞானத்துக்கு; ஜின், விஸ்கி, பிரண்டி, பீர், சோடா எல்லாம் றவூபுக்கு.

ஐந்து நேரம் தொழுகிற மனிதருக்குச் சாராயப் போத்தல்மேல் என்ன ஆசை என்று சிவஞானம் கேட்கவில்லை. றவூபின் மனைவி ஸித்தி ஸுபைதா கேட்டாள்.

“இஞ்சப் பாருங்க, ஊட்டுக்குள்ள இதுகள அடுக்கி வெச்சா வானத்து மலக்குமார் வருவாங்களா?”

“உள்ளுக்கு ஒண்டுமில்ல புள்ள. குடிச்சவன் மவுத்தாகி நூறு வருஷம். இப்ப வெறும் காத்துத்தான் இரிக்கி.”

“அந்தக் காத்தும் ஹறாம்தான்.”

கடைசியில் அலுமாரிக்கு ஒரு திரை தைத்துப் போட்டார் றவூப். கடையில் விற்காமல் கிடந்த பூப்போட்ட சீத்தைத் துணி அதற்கு உதவியது.

அப்போது தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம். நரிக்கல்லின் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டார். புதிய துரை இன்னும் வரவில்லை. பங்களா பூட்டிக் கிடந்தது. அதன் பின்புறச் சரிவில்தான் நூறு வருஷத்துத் துரைமார் தின்று, குடித்து, எறிந்தது எல்லாம் மண்ணுக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் றவூப் பஸ் பிடித்து வந்து சேருவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும், காக்கிக் காற்சட்டையோடு சிவஞானமும் குழிக்குள் இறங்குவார்கள். மேலே பாதையில் விறகு சுமந்து போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் மாரியாயி என்பவளுக்கு மார்ச்சளி. மருந்துக்கு அடிக்கடி வருகிறவள். ஆகவே அவளுக்கு டிஸ்பென்சரிடம் கொஞ்சம் வாய் அதிகம்.

“எங்க மாமியா பங்களாவுல பெருக்கிக் கொட்டுன குப்ப. அதை அய்யாமாரு அள்ளிக்கிட்டுப் போறாங்க,” என்றாள் மற்றவர்களிடம், குழிக்குள் கேட்கும்படியாக. “வெள்ளக்காரன் குப்பன்னா அதுக்கும் ஒரு மவுசுதான்டி.”

“இதெல்லாம் சரித்திரம், ஒனக்கு வெளங்காது. போ,” என்றார் சிவஞானம், கையில் ஒரு ஊறுகாய்ப் போத்தலின் அடிப்பாகத்தைப் பிடித்தபடி.

பங்களாக் குழியிலிருந்து சிவஞானத்துக்கு அள்ளி அள்ளி வந்தது. கொயினா மருந்துப் போத்தல்கள், இருமல் மருந்து, பேதி மருந்து, துரையின் குதிரைக்குத் தடவிய தைலம், நாய்க்குப் பூச்சி மருந்து, துரைசாணிக்குத் தலைமயிர் வளர ஏதோ ஒன்று. றவூபின் முகம் வாடியது. அவரைச் சமாதானப்படுத்தப் பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்தையும் தோண்டிப் பார்க்கலாம் என்றார் சிவஞானம். லயத்துச் சனங்களுக்கென்று, வரிசைக் காம்பராக்களில் இருந்த தொழிலாளருக்கென்று, அந்தக் காலத்தில் கட்டிய ஆஸ்பத்திரி. இப்போது நான்கு சுவரும் காட்டுச் சூரியகாந்தியும்தான் மிச்சம். அங்கே இன்னும் மருந்துப் போத்தல்தான் வரும் என்று றவூப் முனகிக்கொண்டே மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். வந்தது பிரண்டி. பிறகு சாராயம். பிறகு ஜின். மாலை வரைக்கும் ஒரு மருந்துப் போத்தல்கூட வரவில்லை.

“மாஷா அல்லாஹ்! எல்லாம் என்ட பங்கு!” என்று றவூப் பூரித்துப் போனார்.

“எனக்கு முந்தி இருந்த டிஸ்பென்சர்மாரு கொஞ்சம்... ரசனையான ஆளுங்க போல இருக்கு,” என்றார் சிவஞானம்.

மருந்து பங்களாவுக்கும் சாராயம் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தால், லயத்துக் காய்ச்சலுக்கு என்னதான் போனது என்ற கேள்வி அந்த இரண்டு ஆராய்ச்சியாளருக்கும் தோன்றவில்லை. அவர்கள் போத்தலின் கழுத்து கையால் செய்ததா, அச்சில் வார்த்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிநேகிதத்தில் முதல் கீறல் விழுந்தது ஒரு சதுரப் போத்தலால். கடும் பச்சை நிறம். உடம்பில் புடைத்த எழுத்துகள். எழுத்தைத் தேய்த்துப் படித்தால், உள்ளே இருந்தது ஹொலண்ட் ஜின் என்றும், அதைச் சிறுநீரகக் கோளாறுகளுக்கு வைத்தியர்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்றும் இருந்தது.

“ஜின் எண்டு போட்டிரிக்கி. எனக்கி,” என்றார் றவூப்.

“வைத்தியர்னு போட்டிருக்குங்களே. மருந்து,” என்றார் சிவஞானம்.

“குடிச்சா வெறிக்கும்.”

“இருமல் மருந்தும்தான் வெறிக்கும்.”

கடைசியில், விவாகரத்தானவர்களின் பிள்ளையைப்போல, அந்தப் போத்தல் ஒரு கிழமை பதுளையிலும் மறு கிழமை தோட்டத்திலும் இருப்பதென்று முடிவாயிற்று. பதுளையில் அதன் இரண்டாவது தவணையின்போது, தெருவில் ‘பழைய போத்தல், பேப்பர்!’ என்று கூவிக்கொண்டு போனவனைக் கூப்பிட்டு, ஸித்தி ஸுபைதா அதைக் கொடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்ல றவூபுக்கு நாக்கு எழவில்லை. கைதவறி உடைந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார். துண்டுகளையாவது கொண்டு வாருங்கள் என்று சிவஞானத்திடமிருந்து மன்றாட்டம் வந்தது. றவூப் பச்சை நிறத்தில் ஒரு சாராயப் போத்தலைத் தேடி எடுத்து, சாக்கில் சுற்றி உடைத்து, சில்லுகளைப் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனார். சிவஞானம் ஒரு சில்லை வெளிச்சத்தில் பிடித்துக் கண் கலங்கினார்.

“என்ன கண்ணாடி, ஹாஜியார்! இப்ப இப்பிடி வருமா?”

இந்த நேரத்தில்தான் புதிய துரை வந்து சேர்ந்தார். ரத்னபால என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் கொழும்பு ஒஃபீஸில் இருந்து நேரே தேயிலைக்கு வந்தவர். பங்களாவின் பின்னால் ஒரு முதலாளியும் ஒரு டிஸ்பென்சரும் குழிக்குள் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“டொக்டர் மாத்தியா, என்ன தேடுறது?”

“போத்தல் சேர், பழைய போத்தல்.”

ரத்னபால ஒரு கண்ணைச் சிமிட்டினார். படித்த மனிதரும் வசதியுள்ள மனிதரும் வெற்றுப் போத்தலுக்காக வெயிலில் வேகுவார்கள் என்று நம்ப அவர் தயாராக இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் போகும்போது எதையோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. இரவெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்தே உத்தரவு போட்டார்: வீரய்யாக் கங்காணியின் ஆட்கள் இன்று முதல் பங்களாச் சரிவில் வேலை செய்வார்கள். செக்றோல் பதிவேட்டில் அது ‘கான் வெட்டு’, அதாவது வடிகால் வேலை, என்று பதியப்படும். டொக்டரும் முதலாளியும் வேலையை மேற்பார்வை செய்யலாம். போத்தல் வந்தால் அவர்களுக்கு. ‘வேறு ஏதும்’ வந்தால் தனக்கு.

அது பஞ்ச காலம். கொழுந்தும் இல்லை, மாவும் இல்லை. கிழமையில் பாதி நாள்தான் வேலை கிடைத்தது. கூப்பன் கடையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் மரவள்ளிக் கிழங்கையும், அதுவும் கிடைக்காத நாளில் இலை குழைகளையும் அவித்துத் தின்றார்கள். பிள்ளைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கிக் கடைத்தெருவில் கையேந்தியவர்களும் உண்டு. றவூபின் கடை வாசலிலும் வந்து நின்றார்கள். அவரும் கொடுத்தார், கொடுத்துவிட்டு, எந்தத் தோட்டம், அங்கே பழைய குப்பைக்குழி இருக்கிறதா என்று விசாரித்தார்.

அப்படிப்பட்ட காலத்தில் தினமும் செக்றோலில் பேர் விழுந்து சம்பளம் கிடைக்கிற வேலை என்பது வானத்திலிருந்து விழுந்ததுபோல. வீரய்யா ஆட்களைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டான்; எல்லா லயத்துக்கும் ஒரு சுற்று வரும்படி பார்த்துக்கொண்டான். மண்ணும் முதலில் கை கொடுத்தது. கழுத்தில் கண்ணாடிக் குண்டு உருளும் சோடாப் போத்தல் ஒன்று முழுசாக வந்தபோது, றவூப் அதை மார்போடு அணைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் குப்பைக்குழி என்ன, ஊற்றா? சில நாளில் வெறும் செம்மண்தான் வந்தது. ரத்னபால வந்து எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஒண்ணும் இல்லைனா நிப்பாட்டணும், வீரய்யா.”

“இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாத்துருவம் தொரை. அந்தப் பக்கம் மண்ணு எளக்கமா இருக்குங்க.”

மறுநாள் அந்தப் பக்கத்தில் போத்தல் வந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் வந்தது. பங்களாவுக்கு நூறு யார் தூரம் தள்ளி, தேயிலைக்கு நடுவில், வெள்ளைக்காரனின் குப்பை எந்தக் காலத்திலும் போயிருக்க முடியாத இடத்திலெல்லாம் வந்தது. றவூபும் சிவஞானமும் திக்குமுக்காடினார்கள். சில போத்தல்களின் அடியில் பிறையும் நட்சத்திரமும் வார்த்திருந்தன. றவூப் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அரபு வியாபாரிகள் தேயிலைக்கும் முந்தி இந்த மலைவரை வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். தன் மூதாதையர் அந்தக் கப்பலில்தான் வந்தார்கள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறுதியாயிற்று.

அந்த மாதங்களில் மருந்துச் சாலையில் ஒரு விசித்திரம் நடந்தது. மருந்துக்கு வருகிறவர்கள் தங்கள் போத்தலைக் கொண்டுவருவதுதான் வழக்கம். இப்போது வருகிறவர்களில் பலர் சிரட்டையோடும் தகர டப்பாவோடும் வந்தார்கள்.

“போத்தல் எங்க?”

“ஒடஞ்சிருச்சுங்கய்யா.”

“எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல ஒடையுமா?” என்று சிவஞானம் எரிந்து விழுந்தார். அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை. பின்னேரம் குழிக்குப் போக வேண்டும்.

ஒரு பின்னேரம் குழியிலிருந்து ஒரு தட்டைப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள் மாரியாயி. சிவஞானம் அதைத் துடைத்து, சாய்த்துப் பார்த்து, மற்ற ஆட்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இது விக்டோரியா மகாராணி காலத்து மருந்துப் போத்தல். லண்டன்ல செஞ்சது. கழுத்தப் பாத்தாலே தெரியும்.”

சொல்லிக்கொண்டே மறுபக்கம் திருப்பினார். மருந்து எவ்வளவு குடிப்பது என்று காட்ட, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய கடதாசித் துண்டொன்று ஒட்டியிருந்தது. தினமும் காலையில் அவரே கத்தரிக்கோலால் வெட்டி, கோதுமை மாப் பசை தடவி ஒட்டுகிற துண்டு. பசை இன்னும் சரியாகக் காயவில்லை.

றவூப் அந்தப் பக்கமாகப் பிறை நட்சத்திரத்தோடு இருந்ததால் கவனிக்கவில்லை. சிவஞானம் மாரியாயியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இது நான் நேத்து ஒனக்குக் குடுத்த இருமல் மருந்துப் போத்தல்.”

“ஆமாங்க.”

“எப்பிடி மண்ணுக்குள்ள போச்சு?”

“பொதைச்சோம், போச்சு.”

“வெக்கமா இல்ல? ஏமாத்து வேல!”

மாரியாயி சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போத்தலு வரலைனா பேரு இல்லங்கறாரு தொரை. பேரு இல்லைனா நாங்க என்னத்தத் திங்கிறது? ராத்திரிக்குப் பொதைக்கிறோம், பகலுக்குத் தோண்டுறோம். அதுவும் வேலதானுங்களே அய்யா, முதுகு நோகத்தான செய்யுது.” பிறகு கொஞ்சம் இறங்கி, “நீங்க சந்தோஷப்படுறீங்களேன்னுதான் நல்ல போத்தலாப் பாத்துப் பொதைச்சது,” என்றாள்.

சிவஞானம் அந்தக் கடதாசித் துண்டை நகத்தால் சுரண்டினார். துரையிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் வேலை நின்றுவிடும். சனங்கள் பட்டினி கிடக்கும். அதைவிட, லண்டன், விக்டோரியா என்று தான் சொன்னதெல்லாம் தோட்டம் முழுக்கச் சிரிப்பாகும். இரண்டில் எது தன் வாயைக் கட்டியது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கருணை என்றே பிற்காலத்தில் பலரிடம் சொன்னார்.

“போத்தல நல்லாக் கழுவிட்டுப் பொதைங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். றவூபிடமும் அவர் மூச்சு விடவில்லை.

இப்படியே மழை வரும்வரை ஓடியது. மழை பெய்து கொழுந்து தளிர்த்து, எல்லாருக்கும் மலையில் வேலை கிடைத்ததும், நரிக்கல்லில் போத்தல் விளைச்சல் ஒரே நாளில் நின்றுபோயிற்று. புதையல் வராத துக்கத்தில் இருந்த ரத்னபாலவுக்கு வேறு வழியில் அதிர்ஷ்டம் வந்தது. கொழும்பிலிருந்து பார்வையிட வந்த பெரியவர்கள், சரிவு முழுக்க ஆழ ஆழமாக ஓடிய வெட்டுகளைப் பார்த்து, மண்ணரிப்பைத் தடுக்க இப்படிக் கான் வெட்டிய தோட்டத்தைத் தாங்கள் கண்டதே இல்லை என்றார்கள். ரத்னபாலவைப் பெரிய தோட்டமொன்றுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். போகும்போதும் அவர் சிவஞானத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “எங்க ஒளிச்சு வச்சது?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

றவூபுக்கோ அலுமாரி போதவில்லை. பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, ‘ஊவாவின் புராதனப் போத்தல்கள்’ என்று கண்காட்சி வைத்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் பிரதம விருந்தாளியாக வந்தார். சிவஞானம் தன் பக்கத்து மேசையில் பங்களாக் குழியில் கிடைத்த சிலதை மட்டும் வைத்திருந்தார். “மிச்சமெல்லாம் எங்க டொக்டர்?” என்று றவூப் கேட்டதற்கு, “தரம் பாத்து வைச்சேன், ஹாஜியார்,” என்றார். றவூபின் பக்கம் சுவர் நீளத்துக்கு இருந்தது. நடுவில், வெல்வெட் துணிமேல், பிறை நட்சத்திரப் போத்தல்கள். ‘அரபு வணிகர் காலம்’ என்று ஓர் அட்டை.

விருந்தாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க, பண்டாரவளையில் சோடாக் கம்பனி வைத்திருந்த மொஹிதீனுக்குச் சொல்லியிருந்தார்கள். உத்தியோகத்தர் நமது பழம்பெருமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, மொஹிதீன் ஒரு பெட்டி ஓரேஞ் பார்லியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெல்வெட்டைக் கண்டதும் பெட்டியை இறக்கி வைத்தார். ஒரு போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! இது என்ட போத்தல்!”

“கைய வைக்க வேணாம் மொஹிதீன் காக்கா,” என்று றவூப் பதறினார். “அது அரபிமார்ட காலத்து—”

“என்ன அரபி? இந்தப் பிறை நான் கொழும்புல சொல்லி அச்சுப் போட்டது. இந்தா என்ட பெட்டியப் பாருங்க.” பெட்டியில் இருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதே பிறை, அதே நட்சத்திரம். உள்ளே ஓரேஞ் பார்லி. “தோட்டத்துக் கடையெல்லாம் போத்தல் திரும்பி வருதில்ல, களவு போகுது எண்டு நான் தலையில கை வெச்சிட்டு இரிக்கியன். நீங்க வெல்வெட்டுல வெச்சிரிக்கீங்க!”

மண்டபம் சிரித்தது. உத்தியோகத்தர் பேச்சை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார். மொஹிதீன் லொறியிலிருந்து வெறும் பெட்டிகளை இறக்கச் சொல்லி, ஆட்களோடு அடுக்கத் தொடங்கினார். வேகத்தில் எது தன்னுடையது, எது இல்லை என்று அவர் பார்க்கவில்லை. கண்ணாடிக் குண்டு உருளும் அந்த நூறு வயதுப் போத்தலும் பெட்டிக்குள் போயிற்று. றவூப் பின்னாலேயே ஓடி, “அது மட்டும் உண்மையானது காக்கா, அது மட்டும்!” என்று கெஞ்சினார். அன்றைக்கு அவர் சொன்னது எதையும் நம்ப யாரும் இல்லை.

லொறி போன பிறகு றவூப் சிவஞானத்தின் மேசைக்கு வந்தார். அதில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியும்,” என்றார்.

சிவஞானம் மேசையிலிருந்த ஒரு போத்தலை எடுத்துத் துடைத்தார்.

“தெரிஞ்சிட்டு ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“சொன்னா, நான் பிழையாச் சொன்னதும் தெரிஞ்சிரும்ல, ஹாஜியார்.”

“நான் ஹாஜியார் இல்ல,” என்றார் றவூப் முதல் முறையாக. “நீங்களும் டொக்டர் இல்ல.”

ஸித்தி ஸுபைதா அன்று மாலையே அலுமாரித் திரையைக் கழற்றிக் கழுவிப் போட்டுவிட்டு, தட்டுகளில் பீங்கான் கோப்பைகளை அடுக்கினாள். கணவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இரவுச் சோற்றுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்தாள்.

அடுத்த வறட்சியில் நரிக்கல்லில் மறுபடியும் வேலை குறைந்தது. ஒரு காலை மருந்துச் சாலை வாசலில் வீரய்யாக் கங்காணி வந்து நின்றான். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நோய் ஒன்றும் இல்லை என்றான்.

“பின்னே என்ன?”

“இல்லங்கய்யா... புதுசா ஒரு தொரை வந்திருக்காரு. அவருக்கும் தோண்டுறதுல கொஞ்சம் ஆசை இருக்கும்போல தெரியுது. அய்யாவுக்குப் போத்தலு சலிச்சுப் போயிருக்கும். வேற ஏதாச்சும் பழைய சாமான்ல ஆசை இருக்குங்களா? ஆணி, பூட்டு, காசு, கரண்டி... எதுன்னாலும் சொல்லுங்க. இந்த மண்ணுல எல்லாம் இருக்குங்க.”